நடுவில் ஒன்றும் நடக்கவில்லை

படத்தை நகர வைப்பது எப்படி என்று சொல்லித்தரும் கல்லூரி அது. நான்கு மாடிக் கட்டடம். லிஃப்ட் இருக்கிறது, நகராது.

வாசலில் கல்லூரியின் சின்னம்: சிறகு விரித்த ஒரு பறவை. சிமெண்டில் செய்து நீலப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அதே பறவை படிவங்களின் தலையிலும் நாற்காலிகளின் முதுகிலும் அலுவலக முத்திரையிலும் இருந்தது. கழிப்பறைக் கதவைக்கூட விட்டுவைக்கவில்லை. எல்லா இடத்திலும் இதோ கிளம்பிவிட்டேன் என்கிற மாதிரியே நின்றுகொண்டிருந்தது.

அறிவிப்புப் பலகையில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். இறுதியாண்டு மாணவர்கள் எல்லாரும் 'எனக்குப் பிடித்த வகுப்புப் பணி' என்ற பொருளில் மீள்நோக்குக் கட்டுரை எழுதி, மீள்நோக்குக் குழுவிடம் ஒப்புதல் பெற வேண்டும். பெறாதவர்களுக்குப் பட்டம் கிடையாது. மூலப்படக் காப்பறையில் இருக்கும் அவர்களுடைய வேலைகளும் திரும்பக் கிடைக்காது.

இந்தக் கடைசி வரியைத்தான் ஒருத்தி திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் அவளுக்கு நத்தை என்று பெயர். மற்றவர்கள் மாதத்துக்கு ஒரு படம் என்று தள்ளிக்கொண்டிருந்தபோது, இவள் ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்து எட்டே நொடி ஓடும் ஒரு படத்தைக் கையால் வரைந்தாள். அதனால் வந்த பெயர். அவளுக்கு அதில் வருத்தமில்லை. நத்தை எங்கேயும் போய்ச் சேராமல் இருந்ததில்லை என்பது அவள் கட்சி. அந்தக் கல்லூரியைப் பற்றி அவளுக்கு அப்போது முழுதாகத் தெரியாது.

அந்த எட்டு நொடியில் இருந்தது ஒரு கை. தையல்காரரான அவள் அப்பாவின் வலது கை. ஊசியில் நூல் கோர்க்கிறது. முதல் தடவை தவறுகிறது. நூல் நுனி வளைந்துகொள்கிறது. இரண்டாம் தடவையும் தவறுகிறது. மூன்றாவது தடவை, நூல் துளைக்குள் போவதற்கு ஒரு கணம் முன்னால், சுண்டுவிரல் தானாக மேலே எழும்புகிறது. யாரோ ஒருவர் உள்ளே வருவதற்கு எழுந்து இடம் விடுகிற மாதிரி. நூல் உள்ளே போய்விடுகிறது. அவ்வளவுதான் கதை. அந்தச் சுண்டுவிரல் எழும்புவதை அப்பாவே கவனித்ததில்லை. மகள் கவனித்திருந்தாள். அதற்காகவே கட்டுக் கட்டாகத் தாள் வாங்கி, அடியில் விளக்கு எரியும் லைட் டேபிளில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒவ்வொரு தாளிலும் விரலை ஒரு மயிரிழை நகர்த்தி நகர்த்தி வரைந்தாள்.

படம் முடிந்த அன்றே தாள்கள் காப்பறைக்குப் போய்விட்டன. மதிப்பெண் போட்ட வேலை கல்லூரிச் சொத்து என்று விதி. கேமராவில் எடுத்த பிரதி கல்லூரிக் கணினியில் இருந்தது. கணினிகளை மேம்படுத்தியபோது அது போய்விட்டது. மேம்பாடு என்றால் அப்படித்தான் என்றார்கள்.

சென்ற வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. தையல் மெஷினில் இப்போது அம்மா உட்காருகிறாள். அப்பா பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் கிடக்கும் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"பயிற்சி குடுக்கிற டாக்டர் என்ன சொல்றார்னா, கை அசையிற மாதிரி மனசுல நெனச்சுப் பாக்கணுமாம்," என்றார் அப்பா ஒருநாள். "நெனச்சுப் பாத்தா கொஞ்சம் கொஞ்சமா வருமாம். எனக்குச் சிக்கல் என்னன்னா கண்ணு, அது எப்படி அசைஞ்சுதுன்னே மறந்துபோச்சு. இத்தன வருஷம் ஊசியத்தான பாத்தேன், கையையா பாத்தேன்?"

"நான் பாத்தேன்பா."

"அதான் கேக்கறேன். அந்தப் படத்த ஒரே ஒரு தடவை கொண்டாந்து காட்டேன்."

ஆகவே நத்தைக்கு வேண்டியது பட்டம்கூட இல்லை. அந்தத் தாள்கட்டு.

அன்று மாலையே கட்டுரையை எழுதி முடித்தாள். ஒரு பக்கம். எங்கள் அப்பா தையல்காரர், அவர் நூல் கோர்ப்பதைப் பார்த்து வரைந்தேன், சுண்டுவிரல் எழும்புவது கடைசியில் சரியாக வந்தது, மிகவும் சந்தோஷமாக இருந்தது என்று எழுதினாள்.

அலுவலகத்தில் சீல் அண்ணன் அதை வாங்கினார். அவருடைய வேலை மீள்நோக்குக் கட்டுரைகளின் ஒவ்வொரு பக்கத்திலும் கீழே வலது மூலையில் பறவை முத்திரையைக் குத்துவது. பேசிக்கொண்டே குத்துவார். குத்திக்கொண்டே தேநீர் குடிப்பார்.

"ஒரே பக்கமா?" என்றார். "திரும்பி வந்துடும் தங்கச்சி. இங்க எடைதான் முக்கியம்." பறவை லேசாகச் சாய்ந்து விழுந்தது.

மீள்நோக்குக் குழு உட்காரும் அறை ஒரு காலத்தில் லைட் டேபிள்கள் இருந்த அறை. குழு அமைந்ததும் இடம் போதவில்லை. டேபிள்களை எடுத்துவிட்டு, அதில் பாடம் நடத்திய ஆசிரியரையும் எடுத்துவிட்டு, நீளமான ஒரு மேசை போட்டிருந்தார்கள். அதன் பின்னால் மூன்று பேர்: நடுவில் தலைவர், வலப்பக்கம் கற்றல் விளைவு அலுவலரான மேடம், இடப்பக்கம் நகல் தடுப்பு அலுவலர்.

தலைவர் கட்டுரையைப் படித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"மீதி எங்கம்மா?"

"அவ்வளவுதான் சார்."

"இதுல ஒரு சவால்கூட இல்லையே. நீங்க எங்க தடுமாறுனீங்க? எங்க உடைஞ்சுபோனீங்க? எப்படி எழுந்து நின்னீங்க?"

"நான் உக்காந்துதான் சார் வரைஞ்சேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "சந்தோஷமா இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. சரி. அத எந்தக் கட்டத்துல போடறது? எங்க அட்டவணையில திறன் இருக்கு, விளைவு இருக்கு, இடர்ப்பாடு இருக்கு. சந்தோஷத்துக்குக் கட்டம் இல்லம்மா."

"இதரன்னு ஒண்ணு இருக்குமே மேடம்?"

"இதரத்துல போன வருஷம் ஒருத்தர் இறந்துட்டார். அதிலிருந்து அத எடுத்துட்டோம்."

தலைவர் பெருமூச்சு விட்டார். "பாரும்மா, நான் இந்தப் பதவிக்கு வந்ததிலிருந்து ஒரு மாணவரோட படத்தையும் பாத்ததில்ல. ஆனா ஒரு கட்டுரையக்கூட விட்டதில்ல. என்ன காரணம்? படத்துல மாணவர் எதையோ காட்டறார். கட்டுரையிலதான் எங்களுக்கு வேண்டியதக் காட்டறார்."

மற்ற இருவரும் தலையசைத்தார்கள். நத்தை மீள்நோக்குப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டாள்.

பயிற்சியை நடத்தியது அதே மேடம். இரண்டாம் மாடித் தாழ்வாரத்தில், கட்டுரை திரும்பி வந்த மாணவர்கள் எல்லாரும் வரிசையில் நிறுத்தப்பட்டார்கள்.

"எல்லாரும் பின்பக்கமா நடங்க," என்றார் மேடம். "ஒவ்வொரு அடிக்கும் நீங்க விட்டுட்டு வந்த ஒரு தப்ப நெனச்சுக்கங்க. திரும்பிப் பாக்கக் கூடாது."

"திரும்பிப் பாக்கறதுக்குப் பேர்தானே மேடம் மீள்நோக்கு?" என்றது வரிசையில் ஒரு குரல்.

"அது பழைய மீள்நோக்கு."

பின்பக்கமாக நடந்தார்கள். ஒருவன் தண்ணீர்த் தொட்டியில் முட்டிக்கொண்டான். அவனுக்கு அதை இடர்ப்பாடாக எழுதிக்கொள்ள அனுமதி கிடைத்தது. மற்றவர்கள் பொறாமையோடு பார்த்தார்கள். மாலையில் எல்லாருக்கும் பின்பக்கமாக நடந்ததற்குச் சான்றிதழ் தந்தார்கள். அதிலும் பறவை இருந்தது.

படிக்கட்டில் நத்தையைப் பிடித்தான் டிஷ்யூ. வகுப்புத் தோழன். அவன் எழுதியதைப் படித்து மேடம் கண் துடைத்தே ஒரு பெட்டி டிஷ்யூவைத் தீர்த்ததாகப் பேச்சு; அதிலிருந்து அந்தப் பெயர். அவனுக்கு முதல் வாரமே ஒப்புதல் கிடைத்துவிட்டது.

"எந்தப் படத்தப் பத்திடா எழுதின?"

"'கடைசி மரம்'. ஒரு மரம், கடைசி இலை, ஒரு கிழவர்."

"எப்போ பண்ண? நான் பாக்கவே இல்லையே?"

"பண்ணியிருந்தாத்தான பாப்ப?" டிஷ்யூ கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டான். "பண்ணியிருந்தா கால் கோணல், இலை கோணல்னு ஆயிரம் குறை தெரியும். இப்போ பாரு, கட்டுரைக்கு இடைஞ்சலா ஒண்ணுமே இல்ல."

"காட்டுன்னு கேக்கலையா?"

"கேட்டாங்க. ஒரு கட்டத்துல எல்லாத்தையும் என் கையாலேயே அழிச்சுட்டேன், அதுதான் நான் கத்துக்கிட்ட பெரிய பாடம்னு எழுதினேன். மேடம் எழுந்து நின்னுட்டாங்க. உன் சிக்கல் என்ன தெரியுமா நத்தை? உன்கிட்ட நெஜமாவே படம் இருக்கு."

"அது காப்பறையில இருக்குடா. அத வாங்கத்தான் இத்தன பாடு."

"சரி, உக்காரு. உன்ன நான் உடைச்சு, தேத்தி, எழுப்பி நிறுத்தறேன்."

இரண்டு நாள் உட்கார்ந்து உடைத்தான். 'தாள்களின் வெண்மை என்னை மிரட்டியது' என்று தொடங்கினான். தாள் மஞ்சளாகத்தான் இருந்தது என்றாள் நத்தை. 'பென்சில் என் கையில் அழுதது' என்றான். பென்சில் நல்ல பென்சில் என்றாள். கட்டுரை பதினெட்டுப் பக்கமாக வளர்ந்தது. முந்தைய வரைவுகளையும் பின்னிணைப்பாகச் சேர்க்க வேண்டும் என்று விதி இருந்ததால் இன்னும் கனத்தது. சீல் அண்ணன் ஒவ்வொரு பக்கமாகக் குத்தினார். நாற்காலியில் திரும்பி யாரிடமோ பேசும்போது பறவை கொஞ்சம் மேலே போனது. தேநீர் உறிஞ்சும்போது கீழே இறங்கியது.

"இப்பத்தான் தங்கச்சி கட்டுரை மாதிரி இருக்கு," என்றார்.

குழுவுக்கும் பிடித்திருந்தது. பிடித்துப்போனதில்தான் வினை வந்தது. இவ்வளவு துயரத்துக்குக் காரணமான படத்தை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தலைவருக்குத் தோன்றிவிட்டது. காப்பறைக்கு ஆள் போனது.

காப்பாளர் தாள்கட்டைத் தட்டில் ஏந்திக்கொண்டு வந்தார். கைகளில் வெள்ளைத் துணி உறை. நத்தை கட்டை எட்டிப் பார்த்தாள். ஓரங்களில் அவள் பென்சில் கறை அப்படியே இருந்தது. கை தானாக நீண்டது.

"தொடக் கூடாது," என்றார் காப்பாளர். "மூலப் படத்த வரைஞ்சவங்க தொட்டா மூலத்தன்மை போயிடும்."

ஒவ்வொரு தாளாக எடுத்து மேசைமேல் பரப்பினார். மேசை நிறைந்ததும் தரையில் பரப்பினார். அறை முழுக்க அப்பாவின் கை. மூவரும் குனிந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பாத்தியில் செடி பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார்கள். இரண்டாவது வரிசையில் நகல் தடுப்பு அலுவலர் நின்றார். ஒரு தாளைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். மறுபடி முதல் தாளைப் பார்த்தார். அதுவரை ஒரு வார்த்தை பேசாத மனிதரின் முகத்தில் விளக்கு எரிந்தது.

"சார்," என்றார். "இதப் பாருங்க. இந்தப் படமும் அடுத்த படமும் ஒண்ணு."

தலைவர் குனிந்தார். "ஆமா!"

"அதுக்கு அடுத்ததும் அதேதான். இந்த வரிசை முழுக்க அதேதான். தொண்ணூத்தெட்டு சதவீதம் ஒத்துப்போகுது. என் இத்தன வருஷ சர்வீஸ்ல அடுத்தவன் படத்தக் காப்பி அடிச்சவன புடிச்சிருக்கேன். தன் படத்தையே இத்தன தடவை காப்பி அடிச்ச ஆள இப்பத்தான் பாக்கறேன்."

நத்தை முதலில் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தாள். யாரும் சேர்ந்துகொள்ளாததால் நிறுத்தினாள்.

"சார், அது அனிமேஷன் சார். ஒவ்வொரு படமும் முந்தின படம் மாதிரிதான் இருக்கும். கொஞ்சூண்டு மாறும். அப்பத்தான் நகரும்."

"அப்படின்னு எங்க இருக்கு?"

"முதல் வருஷம், முதல் பாடம் சார்."

"அந்தப் பாடத்துக்கு மீள்நோக்கு எழுதினீங்களா?" என்றார் மேடம்.

"அப்போ குழுவே இல்லையே மேடம்."

"அப்போ அத நீங்க கத்துக்கிட்டதுக்கு ஆதாரம் இல்ல."

"ஒரே ஒரு தடவை, நான் அந்தக் கட்டக் கையில புடிச்சுப் புரட்டிக் காட்டறேன் சார். எட்டே நொடி. நீங்களே பாத்துடுவீங்க."

மூவரும் காப்பாளரைப் பார்த்தார்கள். காப்பாளர் உறை போட்ட கையைப் பார்த்தார். கடைசியில், வரைந்தவர் தொடக் கூடாது, காப்பாளரே புரட்டலாம் என்று முடிவானது. அவர் தாள்களைச் சேர்த்து எடுத்து, கட்டை விரலால் புரட்ட முயன்றார். துணி வழுக்கியது. தாள்கள் கொத்தாகச் சரிந்து, வரிசை கலைந்து, மேசைக்கு அடியில் போய் விழுந்தன.

"எனக்கு ஒண்ணும் நகர்ந்த மாதிரி தெரியல," என்றார் தலைவர்.

"உறையக் கழட்டிட்டுப் புரட்டுங்களேன்," என்று கெஞ்சினாள் நத்தை.

"உறையக் கழட்டறதுக்கு நான் எழுதிக் கேக்கணும்," என்றார் காப்பாளர். அவர் குரலில் வருத்தம் இருந்தது. வருத்தத்தையும் உறைக்குள்தான் வைத்திருந்தார்.

தலைவர் எழுந்து நின்றார். பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அவர் முகம் சொன்னது.

"இந்தக் கல்லூரி அசைவுக்குப் பேர் போனது. அசைவுன்னா என்ன? முன்னேற்றம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல முன்னேற்றம் இருக்கணும். இங்க என்ன இருக்கு? அதே கை, அதே ஊசி. மொதல்ல கை கீழ இருக்கு. அப்புறம் மேல வருது. கடைசியில நூல் கோத்தாச்சு. மூணு படத்துல முடிஞ்ச விஷயம். நடுவுல ஒண்ணும் நடக்கல. நானும் இந்த நாற்காலிக்கு இப்படித்தான் வந்தேன். மொதல்ல வெளிய இருந்தேன், அப்புறம் கதவுல இருந்தேன், இப்போ உள்ள இருக்கேன். நடுவுல நான் என்ன செஞ்சேன்னு யாராவது கேட்டாங்களா?"

யாரும் கேட்டிருக்கவில்லை. எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

தண்டனை பற்றிப் பேச்சு வந்தது. மேடம்தான் இரக்கப்பட்டார். நத்தையின் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"இங்க பாரும்மா. கட்டுரை நல்லா வந்திருக்கு. அதக் கெடுத்துக்காத. கடைசியில ஒரு வரி சேத்துடு. 'தேவையில்லாமல் திரும்பத் திரும்ப வரைவதைத் தவிர்க்க வேண்டும் என்பதை உணர்ந்துகொண்டேன்'னு. உணர்ந்துட்டா அது தப்பு இல்ல, கற்றல் விளைவு. ஒப்புதல் குடுத்துடுவோம். படத்தையும் எடுத்துட்டுப் போயிடலாம்."

"படத்தக் குடுத்துடுவீங்களா மேடம்? நெஜமா?"

"இந்தக் கல்லூரி எழுத்துல இருக்கறத மீறினதே இல்ல."

அன்று வீட்டுக்குப் போனபோது அப்பா ஒரு ரப்பர் பந்தை மடியில் வைத்து, இடது கையால் வலது கையின் விரல்களை எடுத்து எடுத்து அதன்மேல் மூடிக்கொண்டிருந்தார். விட்டதும் விரல்கள் வழிந்தன.

"குடுத்துட்டாங்களா கண்ணு?"

"ஒரு வரி எழுதணும்பா. எழுதிட்டா குடுத்துடுவாங்க."

"என்ன வரி?"

சொன்னாள். அப்பா யோசித்தார்.

"நான் நூல் கோக்கறதே திரும்பத் திரும்பச் செய்யறதுதான். அத எப்படித் தவிர்க்கிறது?"

"பொய்தாம்பா. ஒரு வரிதான."

"பொய்யினால யாருக்கும் நஷ்டம் இல்லன்னா எழுதிடு," என்றார் அப்பா. அம்மா மெஷினை நிறுத்திவிட்டு இருவரையும் பார்த்தாள். பிறகு மறுபடி ஓட்டினாள்.

நத்தை எழுதினாள். கையெழுத்துப் போட்டாள்.

ஒப்புதல் எழுதிய கடைசிப் பக்கத்துக்கு முத்திரை வாங்கப் போனபோது சீல் அண்ணன் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். மறுநாள் மேல் மாடியில் விழா. அவர்தான் நாற்காலி போட வேண்டும். அவசரத்தில் முத்திரையை எடுத்து ஒரே குத்து. பறவை தலைகீழாக விழுந்தது.

"அண்ணே, கவுந்துடுச்சே."

"பரவாயில்ல தங்கச்சி. செத்தாலும் முத்திரை முத்திரைதான். செல்லும்."

விழா நடந்தது. சிறந்த மீள்நோக்குக்கான முதல் பரிசு இவளுக்குத்தான். இரண்டாம் பரிசு டிஷ்யூவுக்கு. இல்லாத படத்தைவிட இருக்கிற படத்தைக் குறை சொல்வது கடினமான கலை என்று நடுவர்கள் கருதினார்கள். தலைவர் அந்த ஒரு வரியை மேடையில் வாசித்தார். வாசித்துவிட்டுக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மாட்டச் சொன்னார். கைதட்டல். கேடயம் ஒரு அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. மேடையிலிருந்து இறங்கியதும் அதைப் பிரிக்காமலே காப்பறைக்கு ஓடினாள் நத்தை.

காப்பாளர் ஒரு காகித உறையைத் தந்தார். மெல்லிய உறை.

பிரித்தாள். மூன்று தாள்கள். கை மடியில் இருக்கிறது. கை ஊசியோடு மேலே இருக்கிறது. நூல் கோர்த்தாகிவிட்டது.

"மீதி எங்க சார்?"

"எடுத்தாச்சும்மா."

"எங்க எடுத்தீங்க?"

"திரும்பத் திரும்ப வந்ததையெல்லாம் எடுத்தாச்சு. நீங்கதான எழுதிக் குடுத்திருக்கீங்க, தேவையில்லன்னு. வரைஞ்சவங்க சம்மதம் எழுத்துல இல்லாம நாங்க ஒரு தாளக்கூட எடுக்க மாட்டோம்." கட்டுரையின் கடைசிப் பக்க நகலைக் காட்டினார். அவள் கையெழுத்து. பக்கத்தில் தலைகீழ்ப் பறவை. "அவங்க மூணு பேரும் உக்காந்து, ஒண்ணுபோல இல்லாததா பாத்துப் பாத்துப் பொறுக்கினாங்க. அரை நாள் ஆச்சு. உங்க படத்துக்கு இங்க யாரும் இவ்வளவு மெனக்கெட்டதே இல்ல."

"எடுத்தத என்ன பண்ணீங்க?"

அவர் அவள் கையிலிருந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தார். நத்தை அதைத் திறந்தாள். கேடயம் உடையாமலிருக்க, சுற்றிலும் காகிதச் சுருள்கள் அடைத்திருந்தன. மெஷினில் கொடுத்து மெல்லிய நாடாக்களாக வெட்டிய காகிதம். மஞ்சள் காகிதம். ஒரு நாடாவில் நகத்தின் வளைவு இருந்தது. இன்னொன்றில் ஒரு கோடு. அது நூலாகவும் இருக்கலாம், விரலாகவும் இருக்கலாம். வரைந்தவளுக்கே தெரியவில்லை.

"நல்ல கெட்டித் தாள்," என்றார் காப்பாளர் ஆறுதலாக. "கேடயத்துல ஒரு கீறல்கூட விழல பாருங்க."

அப்பா வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு முகம் கழுவி, சட்டை மாற்றி, மெஷின் விளக்கைத் தன் பக்கம் திருப்பி வைத்திருந்தார். மகள் கையில் தாள்களைப் பார்த்ததும் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"கொண்டா, கொண்டா."

அவள் மூன்று தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து விரலால் தட்டிவிட்டாள். கை கீழே. கை மேலே. முடிந்தது. இன்னொரு தடவை தட்டினாள். கீழே, மேலே, முடிந்தது.

"இரு, இரு," என்றார் அப்பா. "கை எப்படி மேல போச்சு?"

"அது இல்லப்பா."

"அந்தச் சுண்டுவெரல் எந்திரிக்கும்னு சொன்னியே?"

"அது நடுவுலப்பா. நடுவுல ஒண்ணும் நடக்கலன்னு எடுத்துட்டாங்க."

அப்பா மூன்றாவது தாளை வெகு நேரம் பார்த்தார். நூல் கோர்த்த ஊசியைப் பிடித்திருக்கும் கை. பிறகு மடியில் கிடக்கும் கையைப் பார்த்தார். இரண்டும் அசையவில்லை.

"போவுது விடு," என்றார். "அது என்ன, அந்தப் பெரிய கட்டு?"

"கட்டுரைப்பா. இதுக்குத்தான் பரிசு."

இடது கையை நீட்டி வாங்கிக்கொண்டார். படிக்கிற பழக்கம் அவருக்கு அவ்வளவாக இல்லை. மடியில் வைத்து, கனம் பார்க்கிற மாதிரி கட்டை விரலால் பக்கங்களைப் புரட்டிவிட்டார். கை நின்றது. மறுபடி முதலிலிருந்து புரட்டினார். முகம் மாறியது.

"ஏ கண்ணு. இங்க பாரேன்!"

நத்தை குனிந்தாள். கீழே வலது மூலையில் பறவை பறந்துகொண்டிருந்தது. ஒரு பக்கத்தில் சாய்ந்தும், அடுத்ததில் கொஞ்சம் மேலேறியும், மை வெளிறி, மை அடர்ந்து, சீல் அண்ணன் பேசிய பேச்சுக்கும் குடித்த தேநீருக்கும் ஏற்ப ஏறி இறங்கி, சிறகை அடித்து அடித்துப் பறந்துகொண்டிருந்தது. அந்தக் கல்லூரியில் ஒரு விஷயம் நகர்ந்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இத யாரும்மா வரைஞ்சது?"

"ஆபீஸ்லப்பா."

"நல்லா வரைஞ்சிருக்காங்க," என்றார் அப்பா. குழந்தை மாதிரி மறுபடி மறுபடி புரட்டினார். நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ கடைசிப் பக்கத்தில் விரலை நிறுத்திக்கொண்டார். அங்கே பறவை சட்டென்று புரண்டு மல்லாந்து கிடந்தது.

"இவ்வளவு நல்லாப் பறந்துட்டு வருதே. கடைசியில மட்டும் ஏம்மா விழுந்துடுது?"

நத்தை பார்த்தாள்.

"அந்தப் பக்கத்துலதான்பா ஒப்புதல் குடுத்தாங்க."